மனசு விட்டுப் பேசுவது எப்போது சிகிச்சையாகிறது?

வேலூர்ப் பக்கம் ஒருவருக்கு மாதக்கணக்கில் தூக்கம் இல்லை, நெஞ்சு படபடக்கிறது, எதிலும் பிடிப்பில்லை என்று வையுங்கள். யோசனை சொல்பவர்களுக்குப் பஞ்சம் இருக்காது. பாகாயம் மனநல மருத்துவமனைக்குக் கூட்டிப்போ என்பார் ஒருவர். "இன்னாத்துக்கு மாத்திரையெல்லாம், ஒரு அமாவாசைக்கு மலையனூர் போய்ட்டு வாம்மா" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. பள்ளிவாசலில் ஓதி ஊதிக்கொண்டு வரச் சொல்பவர் உண்டு, சபையில் ஜெபிக்கச் சொல்பவரும் உண்டு. கைபேசியைத் திறந்தால் ஹிப்னோதெரபி, முன்ஜென்ம சிகிச்சை, ஆழ்மனப் பயிற்சி என்று விளம்பரங்கள் வரிசை கட்டுகின்றன.

மாத்திரையையும் ஊசியையும் தள்ளிவைத்துப் பார்த்தால், இவற்றில் பெரும்பாலானவை செய்வது ஒன்றுதான். ஒருவர் சொல்கிறார், இன்னொருவர் கேட்கிறார், பதிலுக்கு ஏதோ சொல்கிறார் அல்லது செய்யவைக்கிறார். துன்பம் குறையும் என்பது எதிர்பார்ப்பு. இதை மருத்துவமனைக்குள் செய்தால் அறிவியல், வெளியே செய்தால் மூடநம்பிக்கை என்பது ஒரு கட்சி. மருத்துவமனையில் மாத்திரையை எழுதி அனுப்பிவிடுவார்கள், மனசைப் பார்ப்பது மாற்று முறைக்காரர்கள்தான் என்பது எதிர்க்கட்சி. இரண்டு கட்சியும் கட்டடத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கின்றன. என்ன வாக்குக் கொடுக்கிறார்கள், அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா, தப்பினால் யார் பதில் சொல்வது என்ற மூன்றையும் பார்த்தால் கோடு வேறு இடத்தில் விழும்.

## யார் யார்?

முதலில் ஆட்களைப் பிரித்துக்கொள்வோம். பாதிக் குழப்பம் இங்கேதான்.

1. மனநல மருத்துவர் (சைக்யாட்ரிஸ்ட்). எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுதலாம், பேச்சுவழிச் சிகிச்சையும் தரலாம். ஆனால் கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்க அவரால் பெரும்பாலும் முடியாது.

2. மருத்துவ உளவியலாளர் (கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்). முதுகலைக்குப் பிறகு மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய இரண்டாண்டு எம்.ஃபில். படிப்பது நீண்டகாலமாக இருந்துவந்த வழி. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் வாங்கியிருக்க வேண்டும். மருந்து எழுத மாட்டார்.

3. மனநலச் சமூகப் பணியாளர், மனநலச் செவிலியர். குடும்பத்தோடு பேசுவது, வீடு திரும்பியபின் தொடர்ந்து பார்ப்பது என்று நிறைய வேலை இவர்கள் தலையில்தான் விழுகிறது.

4. கவுன்சலர். இந்தப் பெயருக்குள் யாரும் வரலாம். உளவியலில் முதுகலை படித்து, மூத்தவர் மேற்பார்வையில் வருடக்கணக்கில் பயிற்சி எடுத்தவரும் கவுன்சலர். வார இறுதிப் பட்டறையில் சான்றிதழ் வாங்கியவரும் கவுன்சலர். டாக்டர் என்று பலகை மாட்ட வேண்டிய உரிமம் போல இதற்குக் கறாராக ஒன்று நடைமுறையில் இல்லை. 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் மனநலப் பணிகளையும் பதிவுக்குள் கொண்டுவர நினைக்கிறது. அது வாசலில் மாட்டிய பலகை வரை வந்து சேரும்வரை விசாரித்துக்கொள்வது நம் பாடு.

ஒரு சுவையான விஷயம்: 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 'மனநலத் தொழில்முறையாளர்' என்று வரையறுக்கும் பட்டியலில் சித்த மருத்துவத்தின் சிறப்பு மருத்துவம் பிரிவில் மேற்படிப்பு முடித்தவரும் இருக்கிறார். ஆயுர்வேதம், யுனானி, ஹோமியோபதிக்கும் இதேபோல இடம் உண்டு. ஆங்கில மருத்துவம் மட்டுமே மையநீரோட்டம் என்று நம் சட்டமே சொல்லவில்லை.

## மருத்துவமனை முறைகள் என்ன செய்கின்றன?

வியன்னாவில் ஃப்ராய்ட், ப்ராயர் என்ற இரு மருத்துவர்கள் நோயாளியைப் பேசவைத்தே குணப்படுத்தலாம் என்று 1895இல் எழுதியபோது, அன்றைய மருத்துவ உலகுக்கு அதுதான் 'மாற்று முறை'. கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் 1922இலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். ஆழ்மனத்தில் புதைந்ததைத் தோண்டுவது இந்தப் பள்ளியின் வழி. அப்புறம் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ், தீர்ப்புச் சொல்லாமல் முழுமனத்தோடு கேட்பதே மருந்தின் பெரும்பகுதி என்றார்.

இன்று அதிகம் சோதிக்கப்பட்டிருப்பது 1960களில் ஆரன் பெக் உருவாக்கிய முறை. சுருக்கமாக சி.பி.டி., அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சை. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் 'அட்வைஸ் பண்ணுவாங்க, அவ்வளவுதானே' என்ற நினைப்பு இதைப் பற்றித்தான் அதிகம்.

ஓர் உதாரணம். ஆம்பூர் ஷூ கம்பெனிக்குத் தினமும் பேருந்தில் போகும் ஒரு பெண்ணுக்கு ஒருநாள் நெரிசலில் திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது, மூச்சு முட்டுகிறது, கை மரத்துப்போகிறது. மாரடைப்பு என்று நினைத்துப் பாதி வழியில் இறங்கிவிடுகிறார். இறங்கியதும் சரியாகிவிடுகிறது. இ.சி.ஜி. எடுத்தால் கோளாறு இல்லை. மறுநாள் பேருந்தைப் பார்த்ததுமே படபடப்பு. ஷேர் ஆட்டோவுக்கு மாறுகிறார், பிறகு அதிலும் பயம், கடைசியில் வேலையையே விடுகிறார்.

இங்கே நடப்பது ஒரு சுழற்சி. உடம்பில் படபடப்பு வருகிறது. 'செத்துவிடுவேன்' என்ற எண்ணம் அதைக் கூட்டுகிறது. இறங்கி ஓடுவதால் பயம் உடனே குறைகிறது. அந்த நிம்மதிதான் வினை, 'இறங்கியதால்தான் பிழைத்தேன்' என்று மூளை பாடம் படித்துக்கொள்கிறது. 'தைரியமா இரும்மா' என்று நூறு முறை சொன்னாலும் இந்தப் பாடம் அழியாது. படபடப்பு தானாக ஏறித் தானாக இறங்கும், உயிரைக் கொல்லாது என்பதைச் சிகிச்சையாளர் முதலில் விளக்குவார். பிறகு அறையிலேயே வேகமாக மூச்சுவிடச் சொல்லி அதே படபடப்பை வரவழைத்துக் காட்டுவார். அதற்கப்புறம் ஒரு நிறுத்தம் வரை, மூன்று நிறுத்தம் வரை என்று இறங்காமல் பேருந்தில் உட்காரவைப்பார். பேச்சை விடப் பயிற்சிதான் இங்கே அதிகம்.

இதற்கு மாதக்கணக்கில் வாராவாரம் விடுப்பு வேண்டும், பேருந்துக் காசு வேண்டும். தினக்கூலிக்குப் போகிறவருக்கு இது எட்டாக்கனி. அதனால்தான் கோவாவில் விக்ரம் படேல் குழுவின் ஆய்வை முக்கியமாக நினைக்கிறேன். மனநலப் பட்டம் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேசவைத்தார்கள். 2017இல் வெளியான முடிவின்படி, மூன்று மாதத்தில் மீண்டவர்கள் இந்த உதவி பெற்றவர்களில் 64 சதவீதம். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். சொல்லிக்கொடுத்த முறையும் மேற்பார்வையும் இருந்தால், பட்டம் இல்லாதவரும் இந்த வேலையைச் செய்ய முடிகிறது.

## குடும்பத்தை எங்கே உட்காரவைப்பது?

மேலைநாட்டுப் பாடநூலில் அறைக்குள் இரண்டே பேர். வேலூரில் அப்படி நடப்பதில்லை. மருமகளோடு மாமியார் வருவார், தம்பியோடு அண்ணன் வருவார். "நீங்க சும்மா இருங்க, நான் சொல்றேன் டாக்டர்கிட்ட" என்று நோயாளிக்குப் பதில் அவர்களே பேசுவார்கள்.

இதைத் தொல்லையாக நினைக்காமல் பலமாக மாற்றிய இடம் நம் ஊரிலேயே இருக்கிறது. சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையின் மனநல மையம் 1957இல் பாகாயத்தில் தொடங்கியபோது, நோயாளியோடு ஒரு குடும்பத்தினரும் உடன் தங்க வேண்டும் என்பதை ஏற்பாடாகவே வைத்தார்கள். மனநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து மதில் சுவருக்குள் வைப்பதே உலக வழக்கமாக இருந்த காலம் அது. அன்றைக்கு அதுதான் மாற்று வழி. குடும்பத்துக்கு நோயைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பதை இன்று யாரும் மாற்று என்று சொல்வதில்லை.

ஆனால் குடும்பமே துன்பத்தின் காரணமாக இருந்தால்? அப்போது மாமியாரை வெளியே உட்காரவைத்து அரை மணி நேரம் தனியாகப் பேச வேண்டும். சொன்னது ரகசியமாக இருக்க வேண்டும் என்பதும் 2017 சட்டம் தரும் உரிமைதான். இதைச் செய்யத் தெரியாதவர் எவ்வளவு படித்திருந்தாலும் இந்த ஊருக்கு உதவ மாட்டார்.

## 'மாற்று' என்ற ஒரே மூட்டைக்குள் நாலு சரக்கு

முதலாவது, வெளியிலிருந்து உள்ளே வந்தவை. பௌத்தத் தியானத்தை எடுத்து 1979இல் ஜான் கபட்-ஜின் அமெரிக்காவில் ஒரு மருத்துவமனைப் பயிற்சியாக மாற்றினார். அதிலிருந்து வளர்ந்த ஒரு சிகிச்சை, மனச்சோர்வு மீண்டும் மீண்டும் வருகிறவர்களுக்கு உதவுவது சோதனைகளில் தெரிந்தது. இன்று அது மருத்துவ வழிகாட்டுதல்களில் இருக்கிறது. கொடூர அனுபவத்தை நினைத்தபடி கண்ணை இடம் வலமாக அசைக்கும் இ.எம்.டி.ஆர். முறையையும் தொடக்கத்தில் நிறையப் பேர் கேலி செய்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2013இல் அதைப் பரிந்துரைத்தது. கண் அசைப்பால்தான் குணமா, அச்சத்தை நேருக்கு நேர் நினைவுகூர்வதால்தான் குணமா என்ற சண்டை மட்டும் ஓயவில்லை.

இரண்டாவது, கோயிலும் தர்காவும். தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலில் மனநலம் பாதித்தவர்கள் தங்குவது வழக்கம். அங்கே தங்கிய 31 பேரை ரகுராம் என்ற மனநல மருத்துவரும் குழுவினரும் ஆராய்ந்தார்கள். கட்டிப்போடுவது இல்லை, அடிப்பது இல்லை, சிறப்பான சடங்கு என்றுகூட ஒன்றும் இல்லை. காலை பூஜை, கோலம் போடுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற சின்ன வேலைகள், பக்கத்தில் வீட்டார். சராசரியாக ஆறு வாரத்தில் நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தது. 2002இல் புகழ்பெற்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இது வெளியானது. ஒப்பிட இன்னொரு குழு இல்லாததால், கோயிலால்தான் குறைந்தது என்று இதை வைத்துச் சாதிக்க முடியாது. ஆனால் அடி, சங்கிலி இல்லாத ஓர் இடமும் கூடவே குடும்பமும் என்ன செய்யும் என்பதற்குக் குறிப்பு இருக்கிறது. பாகாயத்தின் 1957 ஏற்பாட்டோடு இதை வைத்துப் பாருங்கள்.

அதற்கு முந்தைய ஆண்டுதான், 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவுக்குப் பேர்போன ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அங்கேயும் சுற்றிலும் நம்பிக்கைதான் இருந்தது. மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017 சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது. சாமி பெயரில் கட்டினாலும் குற்றம் குற்றமே.

மூன்றாவது, முன்ஜென்மச் சிகிச்சை போன்றவை. அரை மயக்கத்தில் படுக்கவைத்து, 'இப்போது எங்கே இருக்கிறீர்கள், என்ன தெரிகிறது' என்று கேட்டுக்கொண்டே போவார்கள். இதில் ஒரு குறிப்பான ஆபத்து இருக்கிறது. நினைவு என்பது பத்திரப்பதிவு அலுவலகத்து ஆவணம் போல அப்படியே இருப்பதில்லை, ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் புதிதாகக் கட்டப்படுகிறது. தூண்டும் கேள்விகளால் நடக்காத சம்பவத்தையும் 'நினைவு' ஆக்க முடியும் என்பதை உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸின் சோதனைகள் காட்டின. அமெரிக்காவில் 1980களிலும் 90களிலும் 'மீட்கப்பட்ட நினைவு'களை நம்பிப் பிள்ளைகள் பெற்றோர் மீது வழக்குப் போட்டார்கள், குடும்பங்கள் உடைந்தன. வந்தவர் அழுது முடித்து லேசாக உணர்வது உண்மையாக இருக்கலாம். அதைக்கொண்டு கதை உண்மை என்று ஆகாது. அந்தக் கதையில் வில்லனாக இன்றைய கணவரோ தாயோ வந்துவிட்டால் அதன் விலையைக் கட்டுவது சிகிச்சையாளர் அல்ல.

நாலாவது, 'மாற்றிக் காட்டுகிறேன்' வகை. ஓரினச் சேர்க்கையாளர்களை 'சரிசெய்ய' என்று பேச்சும் தண்டனையும் கலந்த சிகிச்சைகள் நடந்தன. இதைச் செய்தவர்கள் மாற்று முறைக்காரர்கள் மட்டும் அல்லர், பட்டம் பெற்ற மனநல மருத்துவர்களும் செய்தார்கள். அமெரிக்க மனநலச் சங்கம் 1973இல்தான் ஓரினச் சேர்க்கையை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது. 2021 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தில் தனி நீதிபதியாக விசாரித்த ஆனந்த் வெங்கடேஷ், இப்படி ஆளை மாற்றும் முயற்சிகளைத் தடை செய்தார். தேசிய மருத்துவ ஆணையமும் 2022இல் இந்த முயற்சியை மருத்துவர்களுக்கான தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது.

மையநீரோட்டத்தின் இன்னொரு சறுக்கலையும் இங்கே சொல்லிவிட வேண்டும். விபத்து, பேரிடரில் தப்பியவர்களை உடனே உட்காரவைத்து நடந்ததை எல்லாம் ஒரே அமர்வில் கொட்டவைப்பது ஒருகாலத்தில் உலகெங்கும் பரவியது. சோதித்துப் பார்த்தபோது பயன் தெரியவில்லை, சிலருக்குக் கெடுதலே தெரிந்தது. கைவிட்டார்கள். தன் முறை தோற்றதைத் தானே எழுதி வெளியிட்டுக் கைவிடும் இந்தப் பழக்கத்தைத்தான் மாற்று முறைகள் பலவற்றிடம் நான் காணவில்லை.

## அப்படியானால் எல்லாம் ஒன்றுதானா?

இந்தக் கேள்வி பழையது. உளவியலாளர் ஹான்ஸ் ஐசங்க் 1952இல் ஒரு குண்டைப் போட்டார்: மனக்கலக்கம் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பேர் சிகிச்சை இல்லாமலே தேறிவிடுகிறார்கள், பிறகு சிகிச்சை எதற்கு? 1977இல் ஸ்மித், கிளாஸ் இருவரும் 375 ஆய்வுகளைத் தொகுத்துப் பதில் சொன்னார்கள்: சிகிச்சை பெற்ற சராசரி மனிதர், பெறாதவர்களில் 75 சதவீதத்தினரை விட நன்றாக இருக்கிறார். ஆனால் முறைக்கு முறை வித்தியாசம் சொற்பமாகவே இருந்தது. 1936இலேயே சால் ரோசன்ஸ்வைக் இதை ஊகித்திருந்தார். கேட்பவர் மீது நம்பிக்கை, துன்பத்துக்கு ஒரு விளக்கம், செய்வதற்கு ஒரு காரியம் ஆகியவை எல்லா முறையிலும் இருப்பதால் பலனும் ஒத்துப்போகிறது என்பது இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

குறி சொல்பவரிடமும் இந்த மூன்றும் இருக்கின்றன. விளக்கம்: யாரோ வைத்துவிட்டார்கள். காரியம்: மூன்று வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம். நம்பிக்கை: பாட்டி காலத்திலிருந்து. அதனால் லேசான துன்பத்தோடு போகிறவர் தேறி வருவதில் அதிசயம் இல்லை. தானாகத் தேறுகிறவர்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள் என்பதை மறக்காமல் இருந்தால் போதும்.

வித்தியாசம் தெரிவது குறிப்பான நோய்களில். முன்பு சொன்ன பேருந்துப் பயத்துக்கும், கையைக் கழுவிக்கொண்டே இருக்கும் ஓ.சி.டி.க்கும் பயத்தை நேராகச் சந்திக்கும் பயிற்சி வேண்டும். ஆறுதல் பேச்சும் பரிகாரமும் ஓ.சி.டி.யில் இன்னொரு சடங்காக ஒட்டிக்கொண்டு நோயை வளர்க்கவும் செய்யும். காதில் குரல் கேட்கும் மனச்சிதைவு, ஏற்றமும் இறக்கமுமாக வரும் இருதுருவக் கோளாறு ஆகியவற்றுக்கு மருந்தே அடித்தளம். பேச்சு துணைக்கு வரலாம், இடத்தைப் பிடிக்க முடியாது. வெறும் கவுன்சலிங்கால் இவற்றைக் குணப்படுத்துவதாகச் சொல்பவர் எம்.ஃபில். முடித்திருந்தாலும் தவறுதான் சொல்கிறார்.

## கணியம்பாடிக் கணக்கு

வேலூரை ஒட்டிய கணியம்பாடி வட்டாரத்தில் சி.எம்.சி.யின் சமுதாய நலப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பிறப்பு இறப்பைப் பதிகிறார்கள். அதனால் காவல்நிலையக் கணக்குக்கு வராத மரணங்களும் இங்கே தெரியும். 1992 முதல் 2001 வரை 10 முதல் 19 வயதுப் பெண்களில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 148 பேர் தற்கொலையால் இறந்தார்கள், ஆண்களில் 58. லான்செட் என்ற மருத்துவ இதழில் 2004இல் வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்த எண் இது.

2010இல் வந்த இன்னொரு ஆய்வு, அதே வட்டாரத்தில் தற்கொலையால் இறந்த 100 பேரை எடுத்துக்கொண்டது. அவர்களில் மனநோய் இருந்தது 37 பேருக்கு. மேலைநாட்டு ஆய்வுகள் பத்தில் ஒன்பது பேருக்கு மனநோய் என்று சொல்லிவந்தன. இங்கே ஓயாத நெருக்கடியும் தீராத உடல்வலியுமே முன்னால் நின்றன.

இதற்குப் பேச்சு தேவையில்லை என்று பொருள் இல்லை. கடன், கணவரின் குடி, விருப்பமில்லாத கல்யாணம் ஆகியவற்றால் நெரிபடும் ஒருவரிடம் உன் எண்ணத்தை மாற்று என்று மட்டும் சொல்வது அரைகுறை உதவி. கர்மவினை என்று சொல்லி அனுப்புவதும் அதே குறைதான். குடிநோய்க்குச் சிகிச்சை, வலிக்கு மருத்துவம், வன்முறையிலிருந்து பாதுகாப்பு ஆகியவற்றுக்கு வழிகாட்டத் தெரிந்தவரே இங்கே நல்ல சிகிச்சையாளர். இந்த அளவுகோலில் மருத்துவமனைக்காரர்களும் மாற்றுக்காரர்களும் பாதிப் பேர் தேற மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

## கேட்டுப் பார்க்க வேண்டியவை

1. எதைக் குணப்படுத்துவதாகச் சொல்கிறார்? 'பதற்றத்தைக் குறைக்க முயல்வோம்' என்பது நியாயமான பேச்சு. சர்க்கரை, குழந்தையின்மை, மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் ஒரே முறை என்றால் எழுந்து வந்துவிடலாம்.

2. எத்தனை அமர்வு, எப்படித் தெரியும்? ஆறேழு சந்திப்பில் ஒன்றும் மாறவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். முறையை மாற்றுவேன், வேறொருவரிடம் அனுப்புவேன் என்பது பதில். 'உங்களுக்கு நம்பிக்கை போதவில்லை' என்பது பதில் அல்ல.

3. பதிவு எண் உண்டா, யாரிடம் புகார் செய்யலாம்? படித்தவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

4. மாத்திரையை நிறுத்தச் சொல்கிறாரா? எழுதிக்கொடுத்த மருத்துவரைத் தவிர யார் சொன்னாலும் நிறுத்தக் கூடாது. சில மருந்துகளைச் சட்டென்று விட்டால் நோய் முன்பைவிட மோசமாகத் திரும்பும்.

5. தொடுதல், அடித்தல், பட்டினி, கட்டுதல் உண்டா? 2000இல் அமெரிக்காவின் கொலராடோவில் 'மறுபிறப்பு' சிகிச்சை என்று போர்வைக்குள் சுற்றி அழுத்தியதில் பத்து வயதுச் சிறுமி மூச்சுத் திணறி இறந்தாள். இந்த ஐந்தாவது கேள்விக்கு 'ஆமாம்' என்றால் மற்ற நான்கையும் கேட்க வேண்டியதில்லை.

கோயிலுக்கும் போய்க்கொண்டு மாத்திரையும் சாப்பிடலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். தாராளமாகலாம். செய்வினை என்றும் நோய் என்றும் ஒரே சமயத்தில் நம்புகிறவர்கள் இங்கே ஏராளம். இரண்டு இடத்துக்கும் போவதால் கெடுதி இல்லை, முதல் இடம் இரண்டாவதைத் தடுத்தால்தான் கெடுதி.

பாகாயம் மையம் தவிர, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, அங்கே கட்டணம் இல்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் வட்ட மருத்துவமனைகளுக்கு எந்தெந்த நாளில் வருகிறார்கள் என்பதை அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், காசு கிடையாது. ஒருவர் சாக வேண்டும் என்று பேசத் தொடங்கிவிட்டால் எந்த முறை நல்லது என்று ஒப்பிட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. அவரைத் தனியே விடாமல் கூடவே ஒருவர் இருந்து, அன்றைக்கே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போக வேண்டும்.